சாவா மூவாப் பேராடு



திருவிழா நாளில் சந்நிதியில் நின்று கைகூப்பும்போது நம் கண்கள் நாடுவது இறைவனின் திருமேனியை. அத்திருமேனியை இருளினின்று எடுத்து நமக்குக் காட்டுவது கருவறை விளக்கு. விளக்கின் வழியே இறைவனைக் காண்கின்றோம், விளக்கையோ காண்பதில்லை. அவ்விளக்குக்குப் பின்னே ஒரு பெரிய வரலாறு உண்டு. ஆயிரம் ஆண்டுகட்கு முன் அவ்வொளி நெய்யால் வந்தது. நெய் பாலால் வந்தது. பால் ஆட்டின் மடியிலும் பசுவின் மடியிலும் எருமையின் மடியிலும் சுரந்தது. அந்த உயிர்களை மழையிலும் வெயிலிலும் ஓட்டிச் சென்று மேய்த்தவன் ஓர் இடையன். ஆகவே, கருவறையில் எரிந்த ஒரு சுடரில் கொடையாளி, இடையன், விலங்கு, இறைவன் ஆகிய நால்வரும் கூடியிருந்தனர் எனலாம். அக்கூட்டுறவு எத்தகையது, அது நமக்கு உணர்த்தும் கடமை யாது என்பதை இக்கட்டுரையில் சிறிது சிந்திப்போம்.

மானிடவியல் கண்ட உறவு

மனிதன் தன்னைச் சூழ்ந்த பிற உயிர்களோடு எவ்வாறு வாழ்கின்றான் என்பதை ஆராய்வது மானிடவியலின் ஒரு பகுதி. இத்துறைக்கு உரிய பழைய நூல்களுள் ஒன்று நம் நீலகிரியிலேயே பிறந்தது. ரிவர்சு என்னும் ஆங்கிலேய அறிஞர் 1901, 1902 ஆம் ஆண்டுகளில் தோடர்களிடையே ஆய்வு செய்து, 1906 இல் அவர்களைப் பற்றி விரிவான நூலொன்றை வெளியிட்டார். தோடர்களின் வாழ்வில் எருமையே நடுநாயகம் என்பதை அந்நூல் காட்டியது. பால் கடையும் இடமே அவர்களுக்குக் கோயில். பால் கறந்து கடைபவனே பூசகன். அவன் தூய்மை காத்து, நோன்பு காத்து, அதன் பின்னரே அத்திருப்பணியைச் செய்வான்.

அதன் பின்னர், ஆப்பிரிக்காவின் நைல் ஆற்றுப் பகுதியில் வாழும் நூயர் என்னும் மக்களை ஆராய்ந்த எவன்சு பிரிச்சர்டு என்னும் அறிஞர் 1940 இல் ஒரு நூல் எழுதினார். அம்மக்களிடையே ஆடவர் தம் அன்புக்குரிய எருதின் பெயராலேயே அழைக்கப்படுவதும் உண்டு. அவர்களுடைய உறவு, பகை, திருமணம், வழிபாடு எதனை அறிய விரும்பினாலும் முதலில் அவர்களுடைய ஆனிரையை நோக்க வேண்டும் என்பது அவ்வறிஞர் கண்ட உண்மை. 2010 ஆம் ஆண்டளவில், மனிதரை மட்டும் தனித்து ஆராயாமல், மனிதரும் பிற உயிர்களும் சேர்ந்து நடத்தும் வாழ்வை ஒன்றாகவே ஆராய வேண்டும் என்னும் நெறி இத்துறையில் தனிப்பெயர் பெற்றது.

இவையெல்லாம் போற்றத் தக்கவை. எனினும், சைவராகிய நமக்கு ஒரு தனிப்பேறு உண்டு. மனிதனுக்கும் விலங்குக்கும் இடையே இருந்த உறவை நம் முன்னோர் கோயிற் சுவரிலேயே கல்லில் பொறித்து, கணக்கோடு நமக்கு விட்டுச் சென்றிருக்கின்றனர். அதனைப் படிப்பதற்கு நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. பிராகாரத்தை வலம் வரும்போது சற்று நின்று பார்த்தாலே போதும்.

ஆனிரையும் நடுகல்லும்

கோயில் விளக்குக்கு வருமுன் ஆனிரையின் பழைய நிலையை அறிதல் நன்று. பண்டைத் தமிழகத்தில் ஆனிரையே செல்வம். போரின் தொடக்கமே பகைவரின் ஆனிரையைக் கவர்தல். அதனை மீட்பது அடுத்த நிலை. இவற்றை வெட்சி என்றும் கரந்தை என்றும் புறப்பொருள் இலக்கணம் வகுத்துரைக்கின்றது. மீட்கும் போரில் வீழ்ந்த வீரனுக்கு ஊரார் நடுகல் நட்டு வழிபட்டனர். பசுவின் பொருட்டு மனிதன் மனிதனைக் கொன்ற காலம் அது. பசுவின் பொருட்டு மனிதன் தன் உயிரைத் தந்த காலமும் அதுவே.

அந்நடுகற்களிடையே ஒன்று நம் உள்ளத்தை உருக்குவது. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் உள்ள நடுகல், முதலாம் மகேந்திரவர்ம பல்லவனின் 34 ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அஃதாவது 7 ஆம் நூற்றாண்டினது. அதில் வீரனுடன் அவனது நாயும் செதுக்கப்பட்டுள்ளது. அந்நாயின் பெயர் கோவிவன். அது கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றதை எழுத்திலும் பொறித்து வைத்தனர். அரசர் பலருடைய பெயரும் அழிந்துபோன இந்நாட்டில், நன்றி மறவாத ஊரார் ஒரு நாயின் பெயரைப் பதின்மூன்று நூற்றாண்டுகட்கு மேலாக நிலைக்கச் செய்துவிட்டனர். மனிதனோடு நின்று காத்த உயிருக்கு மனிதனோடு ஒப்பக் கல்லில் இடம் உண்டு என்பது அவர்கள் கொண்ட நீதி.

போர்ப் பொருளாக இருந்த அந்த ஆனிரை, கோயில்கள் கற்றளிகளாக ஓங்கிய காலத்தில் மற்றொரு நிலையை எய்திற்று. கவர்ந்து செல்வதற்குரிய செல்வமாக இருந்தது, காத்துத் தருவதற்குரிய அறமாக மாறியது. அம்மாற்றத்தின் சின்னமே நந்தா விளக்கு.

தொண்ணூற்றாறு ஆடும் ஓர் உழக்கு நெய்யும்

தஞ்சை இராசராசேச்சுரத்தின் கல்வெட்டுகள் தென்னிந்தியக் கல்வெட்டுகள் என்னும் தொகுதியின் இரண்டாம் பகுதியில் பதிப்பிக்கப்பட்டுள்ளன. அக்கோயிலில் இரவும் பகலும் அணையாது எரியும் ஒரு விளக்குக்கு நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் என்பது அளவு. அந்நெய்க்காக ஒதுக்கப்பட்டவை 96 ஆடுகள். ஆடில்லையேல் 48 பசுக்கள். அன்றேல் 16 எருமைகள். பிற கோயில்களில் ஒரு விளக்குக்கு 90 ஆடுகள் எனக் கூறும் கல்வெட்டுகளும் பல உள. இக்கணக்கின்படி ஒரு பசு இரண்டு ஆடுகளுக்கு ஒப்பு. ஓர் எருமை ஆறு ஆடுகளுக்கு ஒப்பு.

இவ்வெண்களைப் படித்துவிட்டுக் கடந்து போதல் எளிது. சற்று நின்று பெருக்கிப் பார்ப்போம். நாளுக்கு ஓர் உழக்கு எனின் ஆண்டுக்கு 365 உழக்கு. அதனை 96 ஆடுகளுக்குப் பங்கிட்டால், ஓர் ஆட்டின் கணக்கில் ஆண்டு முழுமைக்கும் வருவது நான்கு உழக்குக்கும் சற்றுக் குறைவு. நான்கு உழக்கு ஒரு நாழி. ஆக, ஓர் ஆட்டின் பெயரால் இறைவன் ஓராண்டில் ஏற்றுக்கொண்டது ஒரு நாழி நெய்கூட இல்லை. பசுவின் பெயரால் ஏற்றது இரண்டு நாழிக்கும் குறைவு. எருமைக்கு ஆறு நாழிக்கும் குறைவு.

இச்சிறிய அளவிலே ஒரு பெரிய கருத்து உள்ளதென்று யான் எண்ணுகின்றேன். மந்தையில் எல்லா ஆடுகளும் எப்போதும் கறப்பதில்லை. சினையாய் இருப்பன சில, மலடாய் நிற்பன சில, குட்டி ஈன்று பாலூட்டுவன சில. குட்டி குடித்த பின்னரே மனிதனுக்கு. மனிதன் தன் பங்கை எடுத்த பின்னும் மந்தை மெலியலாகாது. இத்தனையும் எண்ணிப் பார்த்தே 96 என்னும் தொகையை வகுத்திருத்தல் வேண்டும். விரைவாக நெய் பெற விரும்பியவர் வகுத்த கணக்காக இது தோன்றவில்லை. சந்திரனும் சூரியனும் உள்ளளவும் விளக்கு எரிய வேண்டும் என்று விரும்பியவர் வகுத்த கணக்காகவே தோன்றுகின்றது. நெடுங்காலம் பெற விரும்புவோன் சிறிதளவே பெறுதல் வேண்டும் என்னும் நெறி இதனுள் அடங்கியுள்ளது.

சாவாமையும் மூவாமையும்

இவ்வாறு விளக்குக்கு விடப்பட்ட ஆடுகளைக் கல்வெட்டுகள் ‘சாவா மூவாப் பேராடு’ என்று குறிக்கின்றன. சாவாத, மூப்படையாத ஆடுகள் என்பது சொற்பொருள். பிறந்த உயிர் எல்லாம் மூத்துச் சாவது இயற்கை என்பதை நாள்தோறும் மந்தையில் கண்டவர்கள் அவ்விடையர்கள். அவர்கள் முன்னிலையில் சாவா ஆடு என்று ஏன் எழுதினர்?

அன்பர்களே, இதற்குரிய விடை எளியது; ஆழமும் உடையது. ஓர் ஆடு இறந்தால் அதன் இடத்தில் அதன் குட்டி நிற்கும். கிழடானது கழிந்தால் இளையது ஒன்று சேரும். 96 என்னும் தொகை என்றும் 96 ஆகவே இருக்கும். தனித்தனி ஆடு சாகும், மந்தை சாவதில்லை. ஆகவே, சாவாமை என்பது ஆட்டின் இயல்பைக் கூறவந்த சொல் அன்று. ஆட்டைக் காப்பவன் கொண்ட உறுதியைக் கூறவந்த சொல் அது. ஆட்டுக்கு இறவாமை தந்தது இடையனின் வாக்கு.

அவ்வாக்கை அவன் தனித்துக் கொடுக்கவில்லை. விளக்குக்குரிய ஆடுகளை ஏற்ற இடையரின் பெயர்களும் ஊர்களும் தஞ்சைக் கல்வெட்டுகளில் வரிசையாகக் காணப்படுகின்றன. பல ஊர்க் கோயில்களில் மன்றாடிகள் எனப்பட்ட இடையர்கள் ஒருவர்க்கொருவர் பிணை நின்று ஆடுகளைக் கைக்கொண்டனர். ஒருவன் தவறினால் மற்றவர் அவ்விளக்கை எரிக்கக் கடமைப்பட்டவர். இத்தகைய பிணையைக் கல்வெட்டுகள் ‘புணை’ என்னும் சொல்லால் குறிக்கும். அரசனும் அரசியும் படைத்தலைவரும் வணிகரும் கொடுத்த கொடை, இறுதியில் எழுதப் படிக்க அறியாத ஓர் இடையனின் சொல்லின் மேல் நின்றது. அச்சொல்லை நம்பியே கோயில் தன் இருளை ஒப்படைத்தது.

சுமை யார் தோளில்

இங்கு ஓர் உண்மையை மறைத்தல் தகாது. கொடையாளிக்கு ஆடுகளைக் கொடுத்த நாளோடு கடமை முடிந்தது; புண்ணியம் தொடர்ந்தது. இடையனுக்கோ பெற்ற நாளில்தான் கடமை தொடங்கிற்று. அது அவன் மக்களுக்கும் தொடர்ந்தது. மழை பொய்த்தாலும் ஓர் உழக்கு நெய் அளந்தாக வேண்டும். மந்தையில் நோய் புகுந்தாலும் அளந்தாக வேண்டும். சாவா மூவா என்று கல்லில் எழுதுவது எளிது. அச்சொல்லைக் காட்டில் மெய்யாக்குவது அரிது. குளிர்ந்த இரவில் ஈனும் ஆட்டின் அருகே விழித்திருந்தவன், ஓநாய்க்கு அஞ்சிப் பட்டியைச் சுற்றி வந்தவன், புல் தேடி ஊர் ஊராய் நடந்தவன் ஆகிய அவ்விடையன் கருவறைச் சுடரை எத்தனை நாள் அருகிருந்து கண்டிருப்பான்? அவன் உழைப்பில் எரிந்த ஒளியில் பிறர் இறைவனைக் கண்டனர். இதனை எண்ணும்போது நம் தலை தாழ்கின்றது.

மற்றொரு வகைக் கல்வெட்டுகளும் உள. வேட்டையில் விலங்கென எண்ணி எய்த அம்பு, தவறி மனிதன் மேற்பட்டு அவன் இறந்த நிகழ்ச்சிகள் சில. பகையால் செய்யாத பிழையாதலின் கொலைத்தண்டம் விதியாது, இறந்தவன் பொருட்டுக் கோயிலில் விளக்கெரிக்குமாறு பெரியோர் பணித்தனர். அதற்காக அம்பெய்தவன் ஆடோ பசுவோ கொடுத்தான். விலங்கைக் கொல்லச் சென்றவன் மனிதனைக் கொன்றான். அப்பழிக்குக் கழுவாயாக விலங்குகளைக் காக்குமாறு விதிக்கப்பட்டான். கொல்லச் சென்ற கை காக்கும் கையாக மாற வேண்டும் என்பதே அத்தீர்ப்பின் உட்பொருள் போலும். அணைந்த ஓர் உயிர்க்கு ஈடாக அணையாத ஒரு விளக்கு. அவ்விளக்குக்கு ஆதாரமாக உயிருள்ள ஒரு மந்தை.

சண்டேசரின் கோல்

இக்கணக்குகளுக்கெல்லாம் தலைவர் யார் என்பதை எண்ணும்போது, சைவத்தின் நுட்பம் விளங்குகின்றது. சோழர் காலத்தில் கோயிலின் நிலமும் பொருளும் பெரும்பாலும் சண்டேசுவரரின் பெயரால் கொள்ளப்பட்டன, கொடுக்கவும்பட்டன. இறைவனின் உடைமைகளுக்கு அவரே காப்பாளர். அவர் அப்பதவி பெற்ற வரலாற்றைச் சேக்கிழார் பெருமான் 12 ஆம் நூற்றாண்டில் பெரியபுராணத்தில் விரித்துரைத்துள்ளார்.

திருச்சேய்ஞலூரில் பிறந்த விசாரசருமர் என்னும் அந்தணச் சிறுவர், ஆயன் ஒருவன் பசுவைக் கோலால் அடிப்பதைக் கண்டார். அவர் உள்ளம் பொறுக்கவில்லை. ஆயனை விலக்கி, அவ்வூர்ப் பசுக்களை மேய்க்கும் தொழிலைத் தாமே ஏற்றார். அவர் மேய்த்த பசுக்கள் செழித்தன. அடியும் அச்சமும் இன்றி, தாமே மகிழ்ந்து பால் சொரிந்தன. அப்பாலைக் கொண்டு மண்ணியாற்றங்கரையில், ஆத்தி மரத்தடியில், மணலால் அமைத்த இலிங்கத்துக்குத் திருமஞ்சனம் ஆட்டினார். பின் நிகழ்ந்தவை நீவிர் அறிந்தனவே. பூசையை அழித்த தந்தையின் தாள் துணிபட்டது. இறைவன் அவரைத் தம் தொண்டர்க்கெல்லாம் தலைவராக்கிச் சண்டீசப் பதவி அருளினார். கங்கைகொண்ட சோழபுரத்தில் அவர்க்கு இறைவன் மாலை சூட்டும் சிற்பத்தைக் கண்டு வியவாதார் இலர்.

தாளைத் துணித்த வரலாற்றின் கடுமையையே நாம் பெரிதும் பேசுகின்றோம். அதன் தொடக்கத்தை மறந்துவிடுகின்றோம். ஒரு பசு அடிபடுவதைக் காணப் பொறாத உள்ளத்திலிருந்தே அத்தொண்டு முழுவதும் தொடங்கிற்று. பசுவைத் தன் பொறுப்பில் ஏற்ற சிறுவரையே இறைவன் தன் உடைமைக்கெல்லாம் பொறுப்பாளராக்கினார். கோயில் ஆட்டையும் பசுவையும் கைக்கொள்ளும் இடையன், அவ்வாறே, சண்டேசரின் தொண்டில் ஒரு பங்கை ஏற்றவன் ஆகின்றான்.

சாத்தனூரில் நிகழ்ந்ததும் இதனோடு சேர்த்து எண்ணத் தக்கது. மூலன் என்னும் ஆயன் மேய்ச்சல் நிலத்தில் இறந்து கிடந்தான். பசுக்கள் அவன் உடலைச் சூழ்ந்து, மோந்து, கதறி நின்றன. அவ்வழி வந்த சிவயோகியார் அப்பசுக்களின் துயரைத் தீர்த்தல் வேண்டும் என்று கருதி, மூலன் உடலிற் புகுந்து எழுந்தார். பசுக்கள் களித்தன. அவரே திருமூலர். திருமந்திரம் என்னும் ஞானப் பெருநூல் நமக்குக் கிடைத்தது பசுக்களின் கண்ணீரால் அன்றோ! தாம் சிவஞானச் செல்வராயிருந்தும், மாலை வந்ததும் மந்தையை ஊர் சேர்த்த பின்னரே அவர் யோகத்தில் அமர்ந்தார். இறைவனுக்கு ஒரு பச்சிலை இடுதலோடு ஒப்பப் பசுவுக்கு ஒரு வாய்ப் புல் தருதலையும் அறமாக அவர் எண்ணியதில் வியப்பில்லை. மேய்ப்பவனுக்காக அழுத உயிர்களை அவர் நேரிற் கண்டவர்.

நாம் செய்யத் தக்கது

நந்தா விளக்குக்குரிய அம்மந்தைகள் இன்று இல்லை. அவற்றைக் காத்த இடையரின் வழியினர் எங்கெங்கோ உள்ளனர். கருவறையில் இன்றும் விளக்கு எரிகின்றது. அதற்குரிய எண்ணெயைக் கடையில் வாங்குகின்றோம். திருமஞ்சனத்துக்குரிய பாலைப் பையில் அடைத்து விற்கின்றனர். எந்தப் பசுவின் பால் என்று கேட்பாரும் இல்லை, சொல்வாரும் இல்லை. இதனைக் குறையாக மட்டும் கூறவில்லை. காலம் மாறும், முறைகளும் மாறும். ஆனால், கடமை மாறலாமா என்பதே வினா.

நேர்த்திக்கடனாகப் பசுவையும் கன்றையும் கோயிலுக்கு விடுகின்றோம். மாலை சூட்டி, மஞ்சள் பூசி, வலம் வந்து, கயிற்றை ஒருவர் கையில் ஒப்படைத்துவிட்டு மகிழ்ச்சியோடு வீடு திரும்புகின்றோம். மறுநாள் அப்பசுவுக்குப் புல் இடுபவர் யார்? அதன் கன்றுக்குப் பால் மிஞ்சியதா? நோயுற்றால் மருந்து உண்டா? கறவை நின்ற பின் அது நிற்பதற்கு நிழல் உண்டா? நம் முன்னோர் ஒரு விளக்குக்கு ஆடு கொடுத்தபோது, ஆட்டின் தொகை, நெய்யின் அளவு, காப்பவன் பெயர், அவனுக்குப் பிணை நின்றவர் பெயர் ஆகிய இவற்றையும் சேர்த்தே எழுதினர். பெயரில்லாத பொறுப்பு பொறுப்பாகாது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். கொடுப்பதோடு அறம் முடிவதில்லை; காப்பதில்தான் அது நிறைவெய்தும்.

ஆகவே, கோயிலுக்குப் பசு விட விரும்பும் அன்பர், அதன் ஓராண்டுத் தீவனத்தையேனும் சேர்த்து அளிக்கலாம். இயலாதவர், கோயிற் கொட்டிலில் நிற்கும் பசுவுக்கு ஒரு கட்டுப் புல் கொண்டு செல்லலாம். அதுவும் இயலாதவர், அக்கொட்டிலில் சாணம் அள்ளிப் பணி செய்யும் தொண்டரை ஒரு நாள் பெயர் சொல்லி விசாரிக்கலாம். பழைய கல்வெட்டு அரசனின் பெயரோடு இடையனின் பெயரையும் எழுதிற்று. நாமோ அவர் பெயரைக் கேட்கவும் மறந்தோம்.

நாளை விடியற்காலையில் சந்நிதியில் விளக்கைக் காணும்போது, அன்பர்களே, ஒரு கணம் நின்று நினையுங்கள். ஒரு காலத்தில் அச்சுடரின் பின்னே தொண்ணூற்றாறு உயிர்கள் புல் மேய்ந்துகொண்டிருந்தன. அவற்றின் பின்னே கோலூன்றி ஒருவன் நின்றான். அவை சாகும், அவனும் சாவான், வாக்கு மட்டும் சாவாதிருந்தது. அத்தகைய வாக்கு ஒன்றை நாமும் ஓர் உயிரின் பொருட்டேனும் காத்து, சண்டேசர் திருமுன் கைதட்டி நிற்கும்போது நாணாது நிற்கும் பேற்றினைத் தில்லைக் கூத்தன் நமக்கு அருள்வானாக.

திருச்சிற்றம்பலம்.